தானே இன்சுலின் செலுத்தும் கருவி: எவ்வளவு நம்பலாம்?

சென்ற ஆண்டு ஒரு மாலை நேரம். அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மத்ரஸாவில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் சட்டைப்பையிலிருந்து மிட்டாய் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனான். ஓதும் நேரத்தில் தின்பண்டமா என்று எனக்குச் சினம் மூண்டது. மிட்டாயை வாங்கி மேசைமீது வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடருமாறு கண்டித்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் கேட்கவில்லை.

சில நிமிடங்களில் அவன் நாக்குக் குழறியது. நெற்றியில் வியர்வை வழிந்தது, கைகள் நடுங்கின. பின்வரிசையில் இருந்த அவனுடைய தங்கை, “ஹஜ்ரத், காக்காவுக்கு சுகர் இறங்கிடுச்சு! அந்த மிட்டாயைக் கொடுங்க!” என்று அழுதபடி ஓடிவந்தாள். மிட்டாயை வாயில் இட்டு, சர்க்கரை கரைத்த நீரையும் மெல்லப் பருகச் செய்தோம். கால் மணி நேரத்தில் அவன் தெளிந்தான். அல்ஹம்து லில்லாஹ்! தெளிந்தது அவன் மட்டுமல்லன், நானும்தான்.

மஃரிபுக்குப் பின் வருத்தம் தெரிவிக்க அவன் வீட்டுக்குச் சென்றேன். வளைகுடாவில் பணிபுரியும் அவனுடைய வாப்பா விடுமுறையில் வந்திருந்தார். கதவோரம் நின்றபடி உம்மா பேசினார்: “அவனுக்கு ஆறு வயசுல வந்த நோய் ஹஜ்ரத். ராத்திரி ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து விரல்ல குத்திப் பார்ப்பேன். அஞ்சு வருஷமா ஒரு நாளும் முழுசாத் தூங்கினதில்லை.” வாப்பா கேட்டார்: “என்னோட வேலை பாக்குறவர் மகனுக்கு ஒரு மெஷின் மாட்டியிருக்காங்க. அதுவே சுகரைப் பாத்து அதுவே இன்சுலின் ஏத்துதாம். கடன் வாங்கியாவது வாங்கிடலாமா? நீங்க நாலும் படிச்சவங்க. விசாரிச்சுச் சொல்லுங்க ஹஜ்ரத்.”

அன்பார்ந்த வாசகர்களே! நான் கலைப் பட்டதாரி. மருத்துவம் பயின்றவன் அல்லன். ஆயினும் அன்று என் அறியாமையால் ஒரு குழந்தை துன்புற்றதை எண்ணி, அக்கேள்விக்கு விடை தேடுவதைக் கடமையாகக் கொண்டேன். நூல்களைப் புரட்டியும் மருத்துவர்களை அணுகியும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எந்த நோய் இது?

சர்க்கரை நோய் என்றதும் நடுவயதைத் தாண்டியோருக்கு வரும் நோயே நம் நினைவுக்கு வருகிறது. அது இரண்டாம் வகை. அவர்கள் உடலில் இன்சுலின் ஓரளவு சுரக்கிறது. ஆனால் போதவில்லை, அல்லது சரிவரப் பயன்படவில்லை. உணவுக் கட்டுப்பாடு, நடை, மாத்திரை ஆகியவற்றால் பலர் அதனைச் சமாளிக்கின்றனர்.

மருத்துவர்கள் ‘டைப் 1’ என்று குறிப்பிடும் முதல் வகை வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்களைப் பகையென எண்ணி அழித்துவிடுகிறது. பெரும்பாலும் சிறுவயதிலோ இளமையிலோ இது தொடங்குகிறது. மிட்டாய் அதிகம் தின்றதால் வந்ததன்று. தாயின் வளர்ப்பில் குறை இருந்ததால் வந்ததுமன்று. இவர்களுக்கு இன்சுலின் என்பது உணவையும் நீரையும் போன்றது. அதை நிறுத்தினால் உடல் சர்க்கரையைப் பயன்படுத்த இயலாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் பெருகும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று வளர்ந்து உயிரையே பறித்துவிடும். ஆதலால், “ஊசியை நிறுத்துங்கள், எங்கள் சூரணம் ஒன்றே போதும்” என்று எவர் சொன்னாலும் செவிமடுக்காதீர்கள்.

இன்சுலின் குறைந்தால் மட்டுமா ஆபத்து? மிகுந்தாலும் ஆபத்தே. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நடுக்கமும் வியர்வையும் குழப்பமும் தோன்றும். மேலும் இறங்கினால் வலிப்பும் நினைவிழப்பும் நேரும். அன்று என் கண்முன் நடந்தது இதுதான். அந்த மிட்டாய் அவனுக்குத் தின்பண்டம் அன்று, மருந்து.

ஊசியில் தொடங்கிய வரலாறு

1922ஆம் ஆண்டுக்கு முன் இந்நோய் வந்த குழந்தைக்கு மருந்தே இல்லை. பட்டினிக்கு நிகரான உணவுக் கட்டுப்பாட்டால் சில காலம் உயிரைப் பிடித்துவைத்தனர். அவ்வாண்டு ஜனவரி 11ஆம் நாள் கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனையில், லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு, விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த சாறு செலுத்தப்பட்டது. அது தூய்மையாக இல்லாததால் பயன் சிறிதாகவே இருந்தது, ஒவ்வாமையும் உண்டாயிற்று. காலிப் என்ற வேதியியலாளர் அதனை மேலும் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் செலுத்தியபோது சர்க்கரை இறங்கியது. சாவின் வாயிலில் இருந்த சிறுவன் எழுந்து நடமாடினான். அதன்பின் 13 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தான். இம்மருந்தைக் கண்டறிந்த பான்டிங்கும் பெஸ்டும் காலிப்பும் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். மருந்து எல்லோருக்கும் கிட்டவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதோ என்ற ஐயம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. ஒரு காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களிலிருந்தே அது பெறப்பட்டது. 1982இல் மரபணுத் தொழில்நுட்பத்தால் உருவான மனித இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பம்புகளில் நிரப்பப்படும் விரைவு வகை இன்சுலின் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படுவது. ஆகவே இதில் ஐயம் கொள்ளத் தேவையில்லை.

1993இல் இன்னொரு திருப்பம் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளிகளைப் பல்லாண்டு கண்காணித்த பெரும் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. சர்க்கரையை இயல்பு அளவுக்கு நெருக்கமாக வைத்திருந்தோரிடம் கண்பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்திருந்தது; சிறுநீரகமும் நரம்புகளும் காக்கப்பட்டிருந்தன. ஆனால் அதே குழுவினரிடம் கடுமையான தாழ்சர்க்கரை ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தது! கண்ணைக் காக்க முயன்றால் மயக்கம் வருகிறது. மயக்கத்துக்கு அஞ்சினால் கண் போகிறது. ஒவ்வோர் இரவும் தாய்மார்கள் விழித்திருப்பதன் காரணம் இந்த இருதலைக்கொள்ளி நிலைதான். அதனைத் தீர்க்கவே இக்கருவி பிறந்தது.

எவ்வாறு இயங்குகிறது?

இதில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது சென்சார். தோலுக்கடியில் நுழைக்கப்படும் மெல்லிய இழை, திசுநீரிலுள்ள சர்க்கரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, அளந்து அனுப்புகிறது. இரண்டாவது பம்ப். இன்சுலின் நிரப்பிய சிறு பெட்டி. நுண்குழாய் வழியே தோலுக்கடியில் துளித்துளியாக மருந்தைச் செலுத்துகிறது. மூன்றாவது, இவ்விரண்டையும் இணைக்கும் கணினி நிரல். சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணித்து, மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் கட்டளையிடுவது இதுவே.

1960களில் அமெரிக்க மருத்துவர் அர்னால்ட் காடிஷ் செய்து பார்த்த முன்மாதிரி, முதுகில் சுமக்கும் மூட்டை அளவு இருந்தது. 1970களில் வந்த ‘பயோஸ்டேட்டர்’ மருத்துவமனைக் கட்டிலருகே நிற்கும் பெரிய எந்திரம். உடலோடு அணியும் அளவில், தானே அடிப்படை இன்சுலினை மாற்றியமைக்கும் முதல் கருவிக்கு அமெரிக்க அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2016 செப்டம்பரில் அனுமதி அளித்தது. பிறகு 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளிலும் மேம்பட்ட கருவிகள் அனுமதி பெற்றன.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். இக்கருவி முழுமையான கணையம் அன்று. அல்லாஹ் படைத்த கணையம் உணவு வந்த உடனேயே இன்சுலினைச் சுரந்து நேரே கல்லீரலுக்கு அனுப்புகிறது. பம்ப் தருவதோ தோலுக்கடியில். அது வேலையைத் தொடங்கவே கால் மணி நேரம் ஆகும், முடிக்கச் சில மணி நேரம் ஆகும். சென்சார் காட்டும் அளவும் இரத்தத்தின் அளவுக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே இருக்கும். எனவே பிரியாணி உண்ணுமுன், அதில் எவ்வளவு மாவுச்சத்து உள்ளது என்பதைப் பெரும்பாலான கருவிகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் உண்டால் சர்க்கரை ஏறிய பின்னரே கருவி ஓடிப்பிடிக்க முயலும்.

கண்ட பயன்கள்

சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையே நாளில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை இன்று முக்கிய அளவுகோலாகக் கொள்கின்றனர். பெரும்பாலோருக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது இலக்கு. 2019இல் அமெரிக்காவில் 168 பேரிடம் ஆறு மாதம் நடந்த ஆய்வில், கருவி அணிந்தோருக்கு இந்நேரம் 61 விழுக்காட்டிலிருந்து 71 ஆக உயர்ந்தது. தானியங்கும் வசதியில்லாத பம்ப் அணிந்தோருக்கோ 59இலேயே நின்றது. நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கூடுதலாக நல்ல அளவில் வாழ்ந்தனர் என்பது இதன் பொருள். முன்னேற்றம் இரவில் மிகுதியாக இருந்தது. இரவில் உணவில்லை, ஓட்டமில்லை. கருவி தன் பணியை அமைதியாகச் செய்ய முடிகிறது. தாய் விழித்திருக்கும் நேரத்தில்தான் கருவி மிக நன்றாக உழைக்கிறது!

இங்கிலாந்தில் மருத்துவச் செலவுகளுக்கு வழிகாட்டும் அரசு நிறுவனம், 2023 டிசம்பரில் இக்கருவியைப் பொதுச் சுகாதாரச் சேவை வழியாக வழங்கப் பரிந்துரைத்தது. முதல் வகை நோயுள்ள சிறுவர்கள், கருவுற்ற பெண்கள், ஊசியால் சர்க்கரை கட்டுப்படாத பெரியவர்கள் ஆகியோருக்கு 2024 முதல் படிப்படியாக வழங்கும் பணி தொடங்கியது. பணமுள்ளோருக்கான ஆடம்பரம் என்ற நிலை மாறி, அடிப்படைச் சிகிச்சை என்ற இடத்துக்கு அங்கே இக்கருவி வந்துள்ளது.

காத்திராமல் தாமே செய்தவர்கள்

இவ்வரலாற்றில் நோயாளிகளுக்கும் பெற்றோருக்கும் பெரும்பங்கு உண்டு. அமெரிக்காவில் டானா லூயிஸ் என்ற இளம்பெண் இந்நோயோடு தனியே வாழ்ந்தார். தன் சென்சாரின் எச்சரிக்கை ஒலி தன்னை எழுப்பும் அளவுக்கு உரக்க இல்லையே என்று அஞ்சிய அவர், 2013இல் அதைப் பெரிதாக்க வழிதேடினார். அம்முயற்சி வளர்ந்து 2014 டிசம்பரில், பம்பைத் தானே இயக்கும் நிரலாக உருப்பெற்றது. 2015இல் அதன் வழிமுறையை எவரும் பயன்படுத்தும் வண்ணம் வெளியிட்டனர். “நாங்கள் இனிக் காத்திருக்கப் போவதில்லை” என்பதே அக்குழுவினரின் முழக்கம். நியூசிலாந்தில் 97 பேரிடம் இவ்வகை நிரலைச் சோதித்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, நல்ல அளவில் இருக்கும் நேரம் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக இருந்ததைக் காட்டியது.

எனினும் மறுபக்கமும் உண்டு. அனுமதி பெறாத இத்தகைய அமைப்பைப் பயன்படுத்திய ஒருவருக்கு, சர்க்கரை உயர்ந்திருப்பதாகத் தவறான அளவு காட்டப்பட்டதால் இன்சுலின் மிகையாகச் செலுத்தப்பட்டது. 2019 மே மாதம் அமெரிக்க அரசமைப்பு இதனைச் சுட்டி எச்சரித்தது. நுட்பம் அறிந்தோர், சோதனைக் கட்டுப்பாட்டுக்குள், மருத்துவர் கண்காணிப்பில் செய்வது வேறு. எவரோ ஒருவர் கைப்பேசியில் ஏற்றித் தந்த நிரலிடம் குழந்தையின் உயிரை ஒப்படைப்பது வேறு.

அபாயங்கள் எவை?

முதல் அபாயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊசி போடுவோர் நாளுக்கு ஒருமுறை நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினையும் எடுத்துக்கொள்கின்றனர். உணவு வேளை ஊசி ஒன்று தவறினாலும் அது உடலில் இருந்து காக்கும். பம்பில் இருப்பதோ விரைவு வகை மட்டுமே. குழாய் மடங்கினாலோ, காற்றுக்குமிழி அடைத்தாலோ, உறக்கத்தில் ஊசிமுனை கழன்றாலோ சேமிப்பில் ஒன்றுமில்லை. சில மணி நேரத்தில் கீட்டோன் பெருகத் தொடங்கும். கருவியோ, சர்க்கரை ஏறுகிறதே என்று மேலும் மேலும் மருந்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அது உடலுக்குள் போகாது. காரணமின்றிச் சர்க்கரை 250ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், கருவியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. கீட்டோனைச் சோதித்து, தனி ஊசியில் இன்சுலின் போட்டு, குழாயை மாற்ற வேண்டும். வாந்தி தொடங்கினால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இரண்டாவது, சென்சார் தவறாகக் காட்டுவது. சென்சார் உள்ள பக்கமாகப் படுத்து அழுத்தினால், சர்க்கரை இறங்கிவிட்டதுபோல் பொய்யாகக் காட்டக்கூடும். காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாகத் தரும் பாரசிட்டமால் சிலவகைச் சென்சார்களில் அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அதை நம்பிக் கருவி அதிக இன்சுலினைச் செலுத்திவிட்டால் என்ன ஆகும்? ஆகவே எந்தச் சென்சாருக்கு எந்த மருந்து ஆகாது என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். உடல் சொல்வதும் கருவி சொல்வதும் முரண்பட்டால் விரலில் குத்திப் பார்ப்பதே தீர்ப்பு.

மூன்றாவது, எந்திரப் பழுது. மெட்ரானிக் நிறுவனத்தின் மினிமெட் 600 வரிசைப் பம்புகளில், மருந்துக்குப்பியைப் பிடித்து நிறுத்தும் வளையம் உடைவது கண்டறியப்பட்டு 2019 நவம்பரில் திரும்பப்பெறும் நடவடிக்கை தொடங்கியது. 2020இல் வெளியான அரசு அறிவிப்பின்படி பாதிக்கப்படக்கூடியவை 3,22,005 கருவிகள். 2,175 பேர் தீங்குற்றதாகவும் ஒருவர் இறந்ததாகவும் புகார்கள் வந்திருந்தன. 2024இல் டாண்டம் நிறுவனத்தின் ஐபோன் செயலி ஒன்று அடிக்கடி நின்று மீண்டும் தொடங்கியதால் பம்பின் மின்கலம் விரைவில் தீர்ந்து, பம்ப் நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. 224 பேர் தீங்குற்றதாகப் பதிவாயிற்று. இலட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் கருவிகளில் இவை சிறுபகுதியே. எனினும் மின்கலமும் செயலியும்கூட இன்று உயிர்காக்கும் உறுப்புகளாகிவிட்டன என்பதை இவை உணர்த்துகின்றன. சில பழைய பம்புகளைக் கம்பியில்லாத் தொடர்பு வழியே பிறர் ஊடுருவ இயலும் என்று 2019 ஜூனில் எச்சரிக்கை வந்ததும் உண்டு.

நான்காவது, நம் தட்பவெப்பம். இன்சுலின் வெயிலைத் தாங்காது. சித்திரை வெயிலில் பம்பை அணிந்து அலையும் பிள்ளையின் குப்பியிலுள்ள மருந்து வீரியம் இழக்கக்கூடும். ஐந்தாவது, நம் மறதி. கருவி வந்ததும் ஊசி போடும் பழக்கத்தையும் கணக்கையும் மறந்துவிடுகிறோம். பழுது வரும் நாளில் கை திகைத்து நிற்கிறது.

ரமளானும் இந்நோயும்

நம் இல்லங்களில் மட்டும் எழும் கேள்வி இது. 2001ஆம் ஆண்டு ரமளானில் 13 நாடுகளில் 12,243 நீரிழிவாளரிடம் நடந்த ஆய்வில், முதல் வகை நோயாளிகளுள் 43 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாள் நோன்பு நோற்றனர். கடுமையான தாழ்சர்க்கரை, மாதத்தில் நூறு பேருக்கு 3 என்ற நிலையிலிருந்து 14 ஆக உயர்ந்தது. இவை உயிரோடு விளையாடும் எண்கள்.

நோயாளிக்கு நோன்பை விடும் சலுகையை இறைமறையே வழங்கியிருக்கிறது. அச்சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. பருவமடையாத பிள்ளைமீது நோன்பு கடமையுமில்லை. அவ்வாறிருக்க, “எல்லாப் பிள்ளைகளும் பிடிக்கிறார்களே, உனக்கென்ன?” என்று கேட்கும் உறவினர்களும், என் போன்ற ஆசிரியர்களும் நாவை அடக்கிக்கொள்ள வேண்டும்.

கருவி வந்தபின் நிலை மாறியுள்ளதா? ஓரளவு மாறியுள்ளது. சர்க்கரை இறங்கும் போக்கைக் கண்டதும் மருந்தை நிறுத்தும் ஆற்றல் கருவிக்கு உண்டு. ஆயினும் முதல் வகை நோயாளியின் நோன்பு ஆபத்து மிகுந்தது என்பதே மருத்துவ வழிகாட்டுதல்களின் பொதுவான நிலை. நோற்க விரும்பும் பெரியவர்கள் ஓரிரு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, கருவியின் இலக்கை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ, மஃரிபுக்கு ஐந்து நிமிடமே இருந்தாலும் நோன்பை முறித்தாக வேண்டும்.

இரத்தம் பரிசோதிப்பதாலும், உணவாகாத மருந்தை ஊசிவழி ஏற்றுவதாலும் நோன்பு முறியாது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. ஆகவே நோன்பு முறியுமோ என்றஞ்சிச் சோதிக்காமல் இருப்பதும், மருந்தை நிறுத்துவதும் வேண்டா. சென்சாரைப் பெரும்பாலும் மேற்கையிலோ வயிற்றிலோ ஒட்டுவதால் ஒளுவுக்கு அது தடையாவதில்லை. கடமையான குளிப்பு பற்றிய ஐயங்களை உங்கள் மத்ஹபின் உலமாக்களிடம் கேட்டுத் தெளியுங்கள்.

வாங்குமுன் சிந்தியுங்கள்

தானியங்கும் கருவி இந்தியாவிலும் கிடைக்கிறது. விலையோ பல இலட்சம் ரூபாய். அதோடு முடிவதில்லை, சென்சார், நுண்குழாய், குப்பி என்று மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் செலவு தொடரும். கடன் வாங்கிக் கருவியை வாங்கிவிட்டு, மாதச் செலவுக்கு வழியின்றி அதனைப் பீரோவில் பூட்டிவைத்த குடும்பங்களும் உண்டு என்று ஒரு மருத்துவர் என்னிடம் வருந்தினார். எனவே கீழ்க்காண்பவற்றை உறுதிசெய்த பின்னரே முடிவெடுங்கள்:

1. மாதச் செலவைக் குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தாங்க முடியுமா என்று கணக்கிடுங்கள்.

2. இக்கருவியில் பழக்கமுள்ள மருத்துவரும், அவசரத்துக்கு அழைத்தால் வழிசொல்லும் பணியாளரும் எட்டும் தூரத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

3. உணவின் மாவுச்சத்தைக் கணக்கிடத் தாயும் பிள்ளையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். இடியாப்பத்துக்கு எவ்வளவு, நோன்புக் கஞ்சிக்கு எவ்வளவு என்று தெரியாத வீட்டில் கருவி பாதிப் பயனே தரும்.

4. நீண்ட நேர இன்சுலின், ஊசி, கீட்டோன் சோதிக்கும் பட்டை, விரல் சோதனைக் கருவி ஆகியவை எந்நேரமும் வீட்டில் இருக்க வேண்டும்.

5. தாழ்சர்க்கரை வந்தால் எவ்வளவு இனிப்பு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கருவி முன்பே மருந்தைக் குறைத்திருக்குமாதலால், ஊசிக்காலத்தில் தந்த அளவைவிடக் குறைவே பெரும்பாலும் போதும்.

6. பிள்ளையின் நோயைப் பள்ளியிலும் மத்ரஸாவிலும் மறைக்காதீர்கள். குறிப்பாகப் பெண்பிள்ளையானால், நாளை திருமணம் தடைப்படுமே என்று பலர் மறைக்கின்றனர். மறைத்ததால் காக்க முடியாமல் போன உயிருக்கு யார் பதில் சொல்வது?

அந்தச் சிறுவனின் வாப்பாவிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். மருத்துவரையும் கலந்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். முதலில் சென்சார் மட்டும். உம்மா மாவுச்சத்துக் கணக்கைக் கற்கட்டும். ஓராண்டு மாதச் செலவைத் தாங்கிப் பார்த்துவிட்டுப் பம்ப் பற்றி யோசிக்கலாம். சென்சார் இரவில் ஒலியெழுப்பி எச்சரிக்கிறது. “இப்பல்லாம் சத்தம் கேட்டா மட்டும் எழுந்திரிக்கிறேன் ஹஜ்ரத்” என்று அந்த உம்மா சொல்லியனுப்பினார். எங்கள் மத்ரஸா அலமாரியில் இப்போது குளுக்கோஸ் டப்பா ஒன்றும், அவர்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. அவன் சட்டைப்பையில் கைவிட்டால் நான் கேள்வி கேட்பதில்லை.

அருமைச் சமுதாயப் பெருமக்களே! கருவி நல்ல காவலன். ஆனால் அக்காவலனையும் கவனிக்க ஒருவர் வேண்டும். கண்மூடி நம்புவதும் பிழை. அஞ்சி ஒதுக்குவதும் பிழை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும் வழியே நம் வழி. இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். இக்கருவியைக் கனவிலும் காண இயலாத ஏழைப் பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். சோதனைப் பட்டைக்கும் இன்சுலினுக்குமே வழியில்லாதோரும் இருக்கிறார்கள். அவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் விசாரித்து, பைத்துல்மாலிலிருந்து மாதந்தோறும் உதவ முன்வர வேண்டும்.

நோயுற்ற குழந்தைகளுக்கு நலத்தையும், அவர்களுக்காக விழித்திருக்கும் தாய்மார்களுக்கு நிம்மதியான உறக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.